வட சென்னையில பாட்டு பாடி, பாட்டு சொல்லிக் குடுத்து பொழைக்கிறது எப்படி

"பாட்ட வெச்சு சோறு துன்ன முடியுமா மிஸ்?" பழைய வண்ணாரப்பேட்டையில எங்க வீட்டு மாடியில கிளாஸ் ஆரம்பிச்ச நாள்ல இருந்து, புதுசா புள்ளைங்கள கூட்டினு வர்ற எல்லா அம்மாவும் இதக் கேக்குறாங்க. முடியும். ஆனா மேடைய மட்டும் நம்பி இறங்காதீங்க, பாடுறதும் சொல்லிக் குடுக்குறதும் ரெண்டும் சேந்து போகணும், அப்பதான் ஆடி மாசம் கையில காசு பொழங்கிட்டு புரட்டாசியில கைமாத்து கேக்குற நெலம வராது. நான் 12 வருஷம் லைட் மியூசிக் ட்ரூப்ல பாடுனேன், இப்ப 9 வருஷமா சொல்லிக் குடுக்குறேன், நம்ம ஏரியா பசங்களுக்கு உபயோகப்படட்டும்னு எழுதுறேன்.

மொதல் வேலை, உங்க சுருதி, அதாவது உங்க குரலுக்கு ஒத்துவர்ற 'ஸ' எந்த உயரத்துல இருக்குன்னு கண்டுபிடிக்கிறது. சினிமா பாட்ட ஒரிஜினல் ஸ்கேல்லயே பாடுனாதான் கெத்துன்னு நெனச்சு எத்தனையோ பேர் தொண்டைய கிழிச்சுக்குறாங்க. போன்ல ஒரு கீபோர்டு ஆப் போட்டுக்கோங்க, காலையில எழுந்தவுடனே செய்யாதீங்க, குரல் அப்ப கீழ இருக்கும், ஒரு பத்து மணிக்கு மேல உக்காந்து 'ஆ'ன்னு பாடிக்கினே கீபோர்டுல ஒவ்வொரு கட்டையா (கீயா) கீழ இறங்குங்க. எந்த இடம் வரைக்கும் காத்து மாதிரி ஆகாம நெறஞ்ச சத்தமா நிக்குதோ அத கீழ் 'ப'ன்னு வெச்சுக்கோங்க, அங்க இருந்து கறுப்பு வெள்ளை எல்லாத்தையும் சேத்து எண்ணி அஞ்சு கட்டை மேல போனா அதான் உங்க 'ஸ'. பொதுவா ஆம்பளைங்களுக்கு 1ல இருந்து 2 கட்டைக்குள்ள (கீபோர்டுல C-ல இருந்து D) வரும், பொம்பளைங்களுக்கு நாலரையில இருந்து 6க்குள்ள (F#-ல இருந்து A) வரும். மேல போயும் பாத்துடுங்க, மேல் ஸ்தாயி 'ப' வரைக்கும் இழுக்காம போக முடிஞ்சா நல்லது, இப்ப முடியலன்னா 'ம' வரைக்கும் போனாலே போதும், மத்தது சாதகத்துல, அதான் தெனப் பயிற்சியில, தானா வரும். கரோக்கி ட்ராக்க உங்க ஸ்கேலுக்கு இறக்கிக்கிறதுல ஒரு அவமானமும் இல்ல, ட்ரூப்ல கீபோர்டு வாசிக்கிற அண்ணன்கிட்ட சொன்னா ஒரு பட்டன்ல முடிஞ்சுடும்.

எங்க கத்துக்கிறது? நம்ம பக்கத்துல சங்கீதமே கெடையாது, எல்லாம் மயிலாப்பூர்லதான்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், தியாகராஜரோட சிஷ்யர் வீணை குப்பய்யரு நம்ம முத்தியால்பேட்டைலயும் திருவொற்றியூர்லயும் வாழ்ந்தவரு, வீணை தனம்மாள் இருந்தது ஜார்ஜ் டவுன்ல. சங்கீதம் நம்ம வாசல்ல இருந்துதான் தெக்க போச்சு. இப்பவும் பாரிமுனையில ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கு, 1943ல ஆரம்பிச்ச தமிழ் இசைச் சங்கத்தோடது, அங்கயே இசைக் கல்லூரியும் நடத்துறாங்க, தண்டையார்பேட்டைல இருந்து ஒரே பஸ்ஸுதான். முழு நேரமா படிக்கணும்னா ராஜா அண்ணாமலைபுரத்துல தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி. 1949ல ஆரம்பிச்சது, முசிறி சுப்பிரமணிய ஐயர்தான் மொதல் பிரின்சிபால், அரசு காலேஜுங்கறதால நம்ம வீட்டு புள்ளைங்களும் தைரியமா போகலாம், இசை ஆசிரியர் பயிற்சியும் அங்க தனியா உண்டு. பீச் ஸ்டேஷன்ல இருந்து பறக்கும் ரயில் புடிச்சா கிரீன்வேஸ் ரோடுல இறங்கிடலாம். ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேலைக்கு ஆசை இருந்தா அரசு டெக்னிக்கல் எக்ஸாம்ல மியூசிக் லோயர், ஹையர் ரெண்டையும் எழுதி வெச்சுக்கோங்க. சர்ச் கொயர்ல வளந்த பசங்களுக்கு லண்டன் டிரினிட்டி காலேஜோட கிரேடு எக்ஸாம் ஒத்துப் போகும், இனிஷியல்ல ஆரம்பிச்சு கிரேடு 8 வரைக்கும் இருக்கு, பெரிய பிரைவேட் ஸ்கூல்ல வெஸ்டர்ன் வோகல் டீச்சர் வேணும்னா மொதல்ல அந்த பேப்பரத்தான் கேக்குறாங்க. கர்நாடக சங்கீதத்துல போறவங்க ஆல் இந்தியா ரேடியோ ஆடிஷன விடாதீங்க, பி, பி ஹை, ஏ, டாப்னு கிரேடு குடுப்பாங்க, பேருக்கு முன்னாடி அது இருந்தா சபாக்காரங்க பேசுற விதமே மாறும்.

சாதகம் தெனம் 40 நிமிஷம் போதும், ஆனா தெனம். ஞாயித்துக்கெழம மூணு மணி நேரம் உக்காந்து மத்த ஆறு நாள் சும்மா இருக்குறது வேஸ்ட்டு. தம்புரா ஆப் போட்டு அஞ்சு நிமிஷம் வெறும் 'ஸ' நிறுத்துங்க, அப்புறம் மாயாமாளவகௌளை ராகத்துல சரளி வரிசை, ஜண்டை வரிசை (ஸ்வரத்த ஒண்ணொண்ணா, அப்புறம் ரெண்டு ரெண்டா பாடுற ஆரம்பப் பயிற்சிங்க), மூணு வேகத்துலயும், அப்புறம் அதையே 'ஆ'ன்னு அகாரத்துல. சினிமா பாட்டு பாடுறவங்களுக்கும் இததான் சொல்றேன், ஒரு பிருகா (வேகமா உருள்ற சங்கதி) வழுக்காம வரணும்னா ஜண்டை வரிசைய விட்டா வேற குறுக்கு வழி இல்ல.

இப்ப தொண்டை விஷயம், இத நிதானமா படிங்க. எனக்கு எட்டாவது வருஷ ஆடி மாசம், கூழ் ஊத்துற திருவிழா வரிசையா 19 நாள் ப்ரோக்ராம். மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாத மேடைங்க, என் குரல் எனக்கே கேக்காம கத்திக் கத்திப் பாடுனேன். இருவதாவது நாள் மேல் 'ஸ' தொட்டா வெறும் காத்துதான் வந்துச்சு, தொண்டை கட்டிக்கிச்சுன்னு மிளகு, பனங்கல்கண்டு எல்லாம் பாத்துட்டு ஒன்றரை மாசம் கழிச்சுதான் இஎன்டி டாக்டர்கிட்ட போனேன். கேமரா விட்டு ஸ்க்ரீன்ல காட்டுனாங்க, குரல் நாண்ல ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் அரிசிக் குருணை மாதிரி ரெண்டு முடிச்சு. ஒண்ணு யோசிச்சு பாருங்க, 5 கட்டை 'ஸ' பாடும்போது அந்த நாண் ரெண்டும் ஒரு செகண்டுக்கு 196 தடவ ஒண்ணோட ஒண்ணு மோதுது, ராத்திரி பூரா அழுத்தி மோதுனா கை காய்ச்சுப் போற மாதிரி அதுவும் காய்ச்சுதான் போகும். ஆபரேஷன் வேணாம், ஸ்பீச் தெரபிலயே சரியாகும்னாங்க, நாலு மாசத்துல சரியாச்சு. குரல் ரெண்டு வாரத்துக்கு மேல கரகரன்னே இருந்தா கசாயம் போட்டுனு உக்காராதீங்க, ஜிஎச்லயும் ஸ்டான்லிலயும் இஎன்டி இருக்கு, போய் காட்டிடுங்க.

அந்த தெரபில கத்துக்கிட்டதுதான் இன்னிக்கும் என் கிளாஸ்ல மொதல் பயிற்சி. ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒண்ணு, அர டம்ளர் தண்ணி. ஸ்ட்ராவ தண்ணிக்குள்ள ரெண்டு விரல் அகலம் இறக்கி, வாய இறுக்கி மூடி 'ஊ'ன்னு சத்தத்தோட ஊதணும், தண்ணி ஒரே சீரா கொப்பளிக்கணும், விட்டு விட்டு கொப்பளிச்சா மூச்சு சீரா போகலன்னு அர்த்தம். அப்படியே கீழ இருந்து மேல வழுக்கிப் போயிட்டு வாங்க, அஞ்சு நிமிஷம். வாய்ப்பக்கம் வழி சின்னதா இருக்கறதால உள்ள திரும்பி வர்ற அழுத்தம் நாண் ரொம்ப மோதிக்காம பாத்துக்குது, ப்ரோக்ராமுக்கு முன்னாடியும் செய்ங்க, முடிச்சுட்டு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியும் செய்ங்க. இன்னொண்ணு, தண்ணி குடிச்சா அது நேரா நாண்மேல படாது, அது வேற குழாய், உடம்பு பூரா ஈரம் ஆகித்தான் அங்க போய் சேரும், அதனால மேடை ஏறும்போது ஒரு பாட்டில் குடிச்சு பிரயோஜனம் இல்ல, காலையில இருந்தே குடிக்கணும். நாணுக்கு நேரா ஈரம் போகணும்னா ஆவி புடிங்க. சும்மா சும்மா தொண்டைய கனைக்கிறது, குசுகுசுன்னு பேசுறது, ரெண்டும் வேணாம்.

மேடைக்கு வருவோம். ட்ரூப்ல சேரும்போது எத்தன பாட்டு, எத்தன மணி நேரம், பேட்டா தனியா சம்பளத்துலயே சேத்தியா, ராத்திரி வண்டி யாரு ஏற்பாடு, நாலையும் வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கிடுங்க, பொண்ணுங்க நாலாவத விடவே விடாதீங்க. ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, போலீஸ் வந்து நிறுத்துனா பாதி சம்பளம்னு சில அமைப்பாளருங்க சொல்லுவாங்க, அதையும் முன்னாடியே பேசிக்கோங்க. மைக்கோட தலைப்பக்கத்த கையால பொத்திப் புடிச்சா ஊளையிடும், கீழ தள்ளிப் புடிங்க, மெதுவா பாடுற எடத்துல வாய்க்கு கிட்ட, மேல போகும்போது ஒரு சாண் தள்ளி. நம்ம பக்கம் வருஷம் ஓடுற விதம் இதுதான்: தையில பொங்கல், ஆடியில அம்மன் கோயில், ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் மாதா திருவிழா, டிசம்பர்ல கேரல், நடுவுல கல்யாணங்க. இதுல எந்த மாசம் வறண்டு போகுதோ அந்த மாசத்துக்குத்தான் கிளாஸ்.

கானா பாடுற தம்பிங்க, நீங்க மொறையா கத்துக்கலன்னு யாராவது சொன்னா தலை குனியாதீங்க. சாவு வீட்டுல ராத்திரி பூரா விடிய விடிய, பக்கத்துல அழுகுரல் கேக்க, செத்தவரோட கதைய அங்கயே பாட்டா கட்டிப் பாடுறதுக்கு தேவைப்படுற மூச்சும் ஞாபகசக்தியும் சாதாரணம் இல்ல. ராயபுரத்து இசைவாணி 2020ல பிபிசியோட 100 பெண்கள் லிஸ்ட்ல வந்தாங்க, கானாவ வெச்சுதான். நீங்க கூடுதலா செய்ய வேண்டியது ரெண்டுதான், சுருதி பொட்டி வெச்சு பாடிப் பழகுறது, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதிஞ்சு கார்டு வாங்குறது.

சினிமாவுக்கு ட்ராக் பாடுறது, கோரஸ் எல்லாம் வந்தா போங்க, ஆனா அத நம்பி வீட்டு வாடகைக்கு வாக்கு குடுக்காதீங்க. ரெக்கார்டிங்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பேப்பர படிங்க, 2012ல காப்பிரைட் சட்டத்த திருத்துனதுல பாடகருக்கும் ராயல்டி உரிமை வந்திருக்கு.

கடைசியா சொல்லிக் குடுக்குறது, எனக்கு ரொம்ப புடிச்சது. நல்லா பாடுறவங்க எல்லாம் நல்ல டீச்சர் ஆகிடறது இல்ல, டீச்சருக்கு வாய விட காதுதான் முக்கியம். புள்ள பாடும்போது கூடவே பாடாதீங்க, உங்க சத்தத்துல அது பண்ற தப்பு உங்களுக்கு கேக்கவே கேக்காது. நீங்க பாடி நிறுத்துங்க, அது பாடட்டும், நீங்க கண்ண மூடிக் கேளுங்க. எல்லாரையும் உங்க சுருதிக்கு இழுக்காதீங்க, சுருதி ஒத்துப்போற புள்ளைங்கள ஒரு பேட்ச்சா போடுங்க. பையங்களுக்கு 12, 13 வயசுல மகரக்கட்டு உடைஞ்சு குரல் மாறும்போது கிளாஸ நிறுத்திடுறாங்க, வேணாம், சுருதிய இறக்கி, மெதுவா, எட்டிப் போகாம பாட வைங்க, தாளம், ஸ்வர ஞானம் எல்லாம் அந்த ஒரு வருஷத்துல ஏத்திடலாம்.

காசிமேட்டுல இருந்து ஒரு பொண்ணு வருது, அவங்க அம்மா மீன் ஏலத்துல நிக்கிறவங்க. முதல் நாள் 'ஸ' பாடுன்னேன், கடல் அந்தாண்ட கேக்குற மாதிரி பாடுச்சு, கழுத்து நரம்பு ரெண்டும் கயிறு மாதிரி பொடச்சுக்கிச்சு. "சத்தமா பாடுனாதான மிஸ் கேக்கும்"ன்னுச்சு, அது வளந்த எடம் அப்படி, தப்பு அதோடது இல்ல. மெதுவா பாடுன்னு சொல்லிப் பாத்தேன், குரலே உள்ள போச்சு. அப்புறம் ஸ்ட்ராவ குடுத்து மூணு வாரம் வெறும் தண்ணி கொப்பளிக்க வெச்சேன், ஒரு கைய அது கழுத்துல அதையே வெச்சுக்கச் சொன்னேன், நரம்பு தட்டுப்பட்டா நிறுத்திட்டு மறுபடி. நாலாவது வாரம் ஸ்ட்ராவ எடுத்துட்டு அதே மூச்சுல 'ஸ' பாடுன்னேன், மாடி பூரா நெறஞ்சுது, கழுத்து அசையல. அந்த சத்தத்த குறைக்கச் சொல்லியிருந்தா அந்த குரலே போயிருக்கும்.

ஃபீஸ் வாங்காம சொல்லிக் குடுக்காதீங்க, ஓசியில வர்ற கிளாஸுக்கு மழை தூறுனாலும் லீவு போடுவாங்க. ஆனா எப்படி வாங்குறதுன்னு நம்ம ஜனங்க வருமானத்த பாத்து முடிவு பண்ணுங்க. மாச சம்பளக்காரங்ககிட்ட அஞ்சாம் தேதிக்குள்ள வாங்குறேன், காசிமேட்டுக்காரங்ககிட்ட வாரா வாரம் 150 ரூபா. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், அந்த 61 நாள் நான் கேக்குறதே இல்ல, நோட்டுல மட்டும் எழுதி வெச்சுக்குவேன். தடை முடிஞ்சு படகு கடலுக்குப் போய் ஒரு ரெண்டு வாரம் ஆச்சுன்னா அந்த அம்மாவே முந்தானையில முடிஞ்ச காச எடுத்துனு மாடி ஏறி வருவாங்க, நோட்ட எடுத்து அவங்க முன்னாடியே கணக்க அடிப்பேன்.