தஞ்சோங் பியாய்க்கு கோச் புக் பண்றதுக்கு முன்னாடி

சிங்கப்பூர்லேர்ந்து ஒரே நாள்ல மலேசியாவோட ஜொகூர்ல இருக்குற தஞ்சோங் பியாய் பார்க்குக்குப் போய்ட்டு வரணும்னா எல்லாரும் முதல்ல கேக்குறது கோச் (வாடகை பஸ்) எவ்ளோ, சாப்பாடு எங்கேன்னுதான். நானும் எங்க புளோக் ஆளுங்க 38 பேர கூட்டிட்டு அப்படித்தான் கெளம்புனேன். எல்லை செக்பாயிண்ட்ல கால் கடுக்க நின்னு, பக்கத்துல இருக்குற குக்குப் கிராமத்துல நண்டு சாப்ட்டு, பார்க்குக்குள்ள நுழையறப்ப மணி மூணு. பாத்தா சேறே காணோம், வேரெல்லாம் மூழ்கி தண்ணி தளும்புது. "இதுக்காடா காலைல நாலு மணிக்கு எழுப்பி விட்ட"ன்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க, பதில் சொல்ல முடியல.

அங்க போறதே அந்த சேத்துக்குத்தான். ஆசியப் பெருநிலத்தோட தென்கோடி அது, 2003-லேர்ந்து ராம்சார்ங்குற உலக ஈரநிலப் பட்டியல்ல இருக்குற அலையாத்திக் காடு. தண்ணி வத்துனாதான் சேத்துல துள்ளுற மட்ஸ்கிப்பர் மீன், ஒரு கொடுக்கு மட்டும் பெருசா வச்சு ஆட்டி ஆட்டி கூப்பிடுற நண்டு, அதப் பிடிக்க வர்ற கொக்கு எல்லாம் கண்ணுல படும். அதனால தேதி வைக்கிறதுக்கு முன்னாடி கடல் வத்துற நேரத்தப் பாருங்க, குக்குப்னு போட்டுத் தேடுனாலே கெடைக்கும். வத்துற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பலகைப் பாதையில நிக்குற மாதிரி அங்கேர்ந்து பின்னாடி கணக்குப் போட்டு கெளம்புற நேரத்த முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, "போன வாரம் என் மச்சான் பத்து மணிக்குப் போய் சூப்பரா பாத்தான், நாமளும் பத்துக்கே போலாம்"னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. வத்துற நேரம் தெனம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும், ஒரு வாரத்துல ஆறு மணி நேரம் மாறிடும், அதாவது அவன் சேறு பாத்த அதே பத்து மணிக்கு உங்களுக்கு முழுத் தண்ணி.

அடுத்தது பேப்பர் விஷயம். சிங்கப்பூர் குடிமக்களுக்கு மலேசியாவோட டிஜிட்டல் வருகை அட்டை தேவையில்ல, ஆனா இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்குற பிஆர் (சிங்கப்பூர் நிரந்தரவாசி), வேலை பாஸ்ல இருக்குறவங்க, வீட்டுப் பணிப்பெண் எல்லாரும் போறதுக்கு முந்துன மூணு நாளுக்குள்ள போட்டே ஆகணும். அது இலவசம், காசு கேக்குற வெப்சைட்ல போய் மாட்டிக்காதீங்க. ஒரே குடும்பத்துல அப்பா பிஆர், புள்ளைங்க சிட்டிசன்னு இருக்கும், "எங்களுக்கு வேணாம்"னு மொத்தமா சொல்லிடுவாங்க, அதனால பேர் லிஸ்ட் வாங்குறப்பவே எந்த பாஸ்போர்ட்னு ஆளாளுக்குத் தனியா கேளுங்க. பிஆர்காரங்க சிங்கப்பூருக்குத் திரும்பி வர்றதுக்கான மறுநுழைவு அனுமதி எப்ப முடியுதுன்னும் பாத்துக்கட்டும். ஒருத்தர் மாட்டுனா முழு கோச்சும்தான் நிக்கணும்.

ரெண்டு நாட்டு செக்பாயிண்ட்லயும் போக ரெண்டு, வர ரெண்டுன்னு மொத்தம் நாலு தடவ எல்லாரும் எறங்கி ஏறணும். வயசானவங்க இருந்தா அதுக்கே நேரம் ஓடிடும். பள்ளி லீவு, நீண்ட வார இறுதியெல்லாம் வேணவே வேணாம். முன்னாடி ஜொகூர்ல ஞாயித்துக்கிழமை வேலை நாளு, 2025 ஜனவரிலேர்ந்து அங்கயும் சனி ஞாயிறுதான் லீவு, ஸோ பழைய கணக்கு செல்லாது. லீவு போட முடிஞ்சா வாரநாள்ல போங்க. ரெண்டு எல்லை வழியில துவாஸ் வழியா போறதுதான் கிட்டக்க, உட்லண்ட்ஸ்ல போய் நின்னுக்கிட்டு இருக்காதீங்க.

"குக்குப் டிரிப்"னு விளம்பரம் பாத்தா எதுன்னு கேட்டுக்குங்க. குக்குப் கிராமம்னா தண்ணி மேல கட்டுன வீடு, கடல் சாப்பாடு. குக்குப் தீவு எதுத்தாப்புல இருக்குற ஆளில்லாத காடு. தஞ்சோங் பியாய் வேற. மூணையும் ஒரே நாள்ல அடைக்கப் பாத்தா எதையும் உருப்படியா பாக்க முடியாது, என் கதைதான்.

பார்க்ல பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே குரங்கு வந்துடும், சாப்பாட்ட கோச்லயே விட்டுடுங்க. கொசு மருந்து கட்டாயம்.

அப்புறம் கோச் நம்பர எல்லாரையும் போட்டோ எடுத்து வச்சுக்கச் சொல்லுங்க. திரும்பி வர்றப்ப செக்பாயிண்டுக்கு அந்தப் பக்கம் ஒரே மாதிரி வெள்ளை கோச் வரிசையா நிக்கும். எங்க குரூப்ல ஒரு தாத்தா வேற கோச்ல ஏறிட்டாரு, நாங்க அரை மணி நேரம் அலறிக்கிட்டு தேடுறோம், அவரு அங்க யாரோ குடுத்த கடலைய கொறிச்சுக்கிட்டு "என்னப்பா நம்ம ஆளுங்க ஒருத்தரையும் காணோம்"னு உக்காந்திருக்காரு.