நான்கு போன், இருபது பிள்ளைகள்: மாநகராட்சிப் பள்ளியில் வீடியோப் பயிற்சி நடத்துவது எப்படி

சென்னையில் வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ உள்ள ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகளின் பக்கத்தில் தெலுங்கும் உருதும் பேசுகிறவர்கள் இருப்பார்கள். கட்டட வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கக்கூடும். போன் இல்லாத வீடு இன்று குறைவு. ஆனால் அந்தப் போன் பெரும்பாலும் அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கும். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைக்கு அது அரை மணி நேரம் கிடைப்பதே பெரிது.

அதனால் "ஆளுக்கொரு போன் கொண்டு வாருங்கள்" என்று தொடங்கும் பயிற்சி, அதிகம் தேவைப்படுகிற பிள்ளைகளை முதல் நாளே வெளியே நிறுத்திவிடும். கருவிகள் அனைத்தையும் நீங்களே கொண்டுபோங்கள். நேரத்தையும் பள்ளி மணிக்குள்ளேயே வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு வைத்தால் தம்பி தங்கையைக் கூட்டிவர வேண்டியவர்களும் தண்ணீர் பிடிக்க வேண்டியவர்களும் வர மாட்டார்கள். வாரம் ஒருமுறை, அடுத்தடுத்த இரண்டு பாடவேளை, எட்டு வாரம் என்று தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு மாதத்தைத் தவிருங்கள்.

எவ்வளவு கருவி வேண்டும்

இருபது பேருக்கு நான்கு ஆண்ட்ராய்டு போன் போதும், ஐந்தாவது ஒன்று மாற்றுக்கு. பழைய போன்களை நன்கொடையாக வாங்கலாம். 3 ஜிபி ராமும் குறைந்தது 20 ஜிபி காலி இடமும் இருக்கட்டும். முழுத்தெளிவு (ஃபுல் எச்டி) வீடியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 130 எம்பி பிடிக்கும். ஒரு குழு நாற்பது நிமிடம் எடுத்தாலே 5 ஜிபி போய்விடும். போனைக் கொடுப்பவர் தம் கூகுள் கணக்கை நீக்கிய பிறகே அதைத் துடைத்தழிக்க வேண்டும். அவர் மறந்துவிட்டால், துடைத்த பிறகும் போன் அவருடைய பழைய கடவுச்சொல்லைக் கேட்டு அடம்பிடிக்கும். சிம் போடாதீர்கள்.

நான்கு வயர் காலர் மைக், இரண்டு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும். மைக் வாங்கும்போது பின்னின் முனையைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருப்பது போனுக்கானது, இரண்டு மட்டும் இருப்பது கேமராவுக்கானது. கேமரா மைக்கைப் போனில் நேரடியாகச் செருகினால் அது வேலை செய்யாது, போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துவிடும். இது எடிட்டிங்கில் உட்காரும்போதுதான் தெரியவரும். டிரைபாட் இல்லாவிட்டால் ஒரு செங்கல்லும் இரண்டு அகலமான ரப்பர் பேண்டும் போதும்.

யார் கையில் கேமரா

பயிற்சி பெரும்பாலும் தோற்பது இங்கேதான். போனை மேசையில் வைத்துவிட்டு "எடுத்துக்கோங்க" என்றால், வகுப்பில் ஏற்கெனவே துணிச்சலுள்ள பையன் எடுப்பான், எட்டு வாரமும் அவனே வைத்திருப்பான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பெண்பிள்ளைகளிடம் நோட்டு போய்விடும். தமிழ் சரளமாக வராத பிள்ளை ஓரமாக நிற்கும். யாரும் திட்டமிட்டு ஒதுக்கியிருக்க மாட்டார்கள், ஆனால் அந்தப் பிள்ளைக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஐந்து பேர் குழுவில் ஐந்து வேலை: கேமரா, ஒலி, கேள்வி கேட்பது, ஷாட் குறிப்பு எழுதுவது, நேரமும் இடமும் பார்த்துக்கொள்வது. முதல் வேலையைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து எல்லோரையும் ஒரு இடம் நகர்த்துங்கள். ஷாட் பாதியில் நின்றாலும் நகர வேண்டும். படம் கொஞ்சம் கெடும், கெடட்டும். யார் எந்த வேலையை எத்தனை முறை செய்தார்கள் என்பதைச் சுவரில் கட்டம் போட்டு ஒட்டுங்கள். நான்காம் வாரம் அந்தக் கட்டத்தில் வெற்றிடம் தெரிந்தால் அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்குங்கள். குழுக்களை நண்பர்களாகச் சேர விடாமல் மொழியும் பாலினமும் கலந்து நீங்களே அமையுங்கள். ஆனால் ஒரு மொழிக்காரரைத் தனியாகப் போடாமல் இரண்டு பேராகச் சேர்த்துப் போடுங்கள்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையை நிரந்தரமாக ஒலிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். டாக்பேக் வசதியை இயக்கினால் போன் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும். கேமராவையும் அந்தப் பிள்ளை பிடிக்கலாம், கூட இருப்பவர் "கொஞ்சம் இடது, தலை வெட்டுது" என்று சொன்னால் போதும். செவித்திறன் குறைந்த பிள்ளை குழுவில் இருந்தால் மணிக்குப் பதில் விளக்கை அணைத்துப் போடுங்கள்.

முதலில் காது

முதல் வாரம் புகைப்படம்: ஜூம் தொடாமல், நடந்து அருகே போய் ஆளுக்கு ஐந்து படம். இது எளிது, விரைவில் பழகிவிடும். இரண்டாம் வாரத்தை முழுக்க ஒலிக்குக் கொடுங்கள். மாணவர் படங்கள் பார்க்க முடியாமல் போவது பெரும்பாலும் ஒலியால்தான்.

வகுப்பறை கான்கிரீட் கூடு, குரல் சுவரில் மோதி எதிரொலிக்கும். மேலே மின்விசிறி. போன் நான்கு அடி தள்ளி இருந்தால் பேச்சைவிட விசிறிதான் சத்தமாகக் கேட்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சட்டையின் நடுவில் இருக்கட்டும். துப்பட்டா உரசாமல் செல்லோடேப்பால் ஒட்டுங்கள். பெண்பிள்ளைகளுக்கு மைக் மாட்டுவது அவர்களே, அல்லது இன்னொரு பெண்பிள்ளை. விசிறியை மூன்று நிமிடம் மட்டும் நிறுத்தி எடுங்கள், சென்னை வெயிலில் அதற்கு மேல் தாங்காது. மைக் இல்லாவிட்டால், பேசுபவரின் சட்டைப்பையில் இரண்டாவது போனை வைத்து ஒலியைத் தனியாகப் பதியுங்கள். தொடக்கத்தில் கேமரா முன் ஒரு கைதட்டல். அந்தத் தட்டலை வைத்துப் பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம்.

மூன்றாம் வாரம் வதந்தி. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பண்ணையே மறுத்தது. அன்று இந்தப் பிள்ளைகள் மிகச் சிறியவர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் "உங்களுக்கு அது வந்ததா, நம்பினீர்களா, யாருக்கு அனுப்பினீர்கள்" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். மறுவாரப் பேட்டிப் பயிற்சிக்கு அதுவே பொருளாகிவிடும். ஒரு பழைய மழைப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு, அது முதலில் எப்போது வெளிவந்தது என்று தேடவும் கற்றுக்கொடுங்கள்.

மொழி

பேட்டி கொடுப்பவர் தம் வீட்டு மொழியில் பேசட்டும். இந்தியில் பேசும் அம்மாவைத் தமிழில் பேசச் சொன்னால் இரண்டு வரியில் முடித்துக்கொள்வார். அவர் மொழி தெரிந்த பிள்ளை கேள்வி கேட்கட்டும், திரையின் கீழே வரும் தமிழ் வரிகளை (சப்டைட்டில்) அதே பிள்ளை சொல்லச் சொல்ல இன்னொருவர் தட்டச்சு செய்யட்டும். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இல்லாமல் படம் நகராது என்கிற நிலை வரும். இந்தப் பயிற்சியில் மிக முக்கியமான மணி நேரம் அதுதான், அவசரப்படுத்தாதீர்கள். எல்லாப் படத்துக்கும், தமிழ்ப் படத்துக்கும் கூட, திரை வரிகள் கட்டாயம்.

எடிட்டிங் செயலியில் தமிழ் உடைகிறதா என்று முன்பே பாருங்கள். "கொக்கு" என்று அடித்தால் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்துப் பாருங்கள், அப்போதும் உடைந்தால் செயலியை மாற்றுங்கள். பள்ளிக் கணினிக்கு ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். நொடிக்கு இத்தனை படம் என்ற வேகம் போன் வீடியோவில் சீராக இருக்காது. நீண்ட பேட்டியில் உதடும் குரலும் விலகுவது அதனால்தான். ஷாட்கட் கோப்பை மாற்றித் தருவதாகக் கேட்டால் சம்மதியுங்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தெளிவு சிதைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் மாற்றுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைப் பழைய ஃபேட்32 பென்டிரைவ் ஏற்காது.

எதைக் காட்டக்கூடாது

பெற்றோர் ஒப்புதல் படிவத்தை வீட்டு மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். வகுப்பில் காட்ட, பள்ளி விழாவில் காட்ட, இணையத்தில் ஏற்ற என்று மூன்று தனிக் கட்டங்கள் இருக்கட்டும். ஒன்றுக்குச் சம்மதித்தவர் மற்றதற்கும் சம்மதித்தார் என்று கொள்ளக்கூடாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகளே. பெற்றோர் சரி என்றும் பிள்ளை வேண்டாம் என்றும் சொன்னால், பிள்ளை சொல்வதே முடிவு.

கேமராவில் இருப்பிடக் குறிப்பை முதல் நாளே அணைத்துவிடுங்கள். வீட்டுக் கதவு எண், பிளாக் எண், பள்ளி அடையாள அட்டை படத்தில் வரக்கூடாது. கண்ணகி நகர் போல, குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட மறுகுடியமர்வுப் பகுதியின் பெயரைச் சொன்னாலே வேலை மறுக்கப்படும் என்ற அச்சம் பல குடும்பங்களுக்கு உண்டு. ஊர்ப் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும். சிலர் பெருமையோடு சொல்வார்கள், அதையும் தடுக்காதீர்கள்.

பேட்டியின் நடுவே ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் துன்புறுத்தலைச் சொல்லத் தொடங்கினால் பதிவை நிறுத்துங்கள், கேள்விகளை அடுக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், உங்கள் விருப்பத்துக்கு விட்டதல்ல. குழந்தைகள் உதவி எண் 1098. அந்த எண்ணைப் பயிற்சி அறையில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

திரையிடலை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நாள் அது. முடிந்ததும் மூலப் பதிவுகளைப் பிள்ளைகள் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள். முடிந்த படம் மட்டும் பள்ளிக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். சொந்தப் போன் இல்லாத பிள்ளைகளின் பெயரில் கணினியில் தனித்தனி ஃபோல்டர் போட்டு, அவர்கள் கேட்கும் நாளில் எடுத்துக் கொடுக்க ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள்.