ட்ரோன் கேமராவுக்கு எந்த ஃபில்டர்? ஒரு வகுத்தல் கணக்கில் கண்டுபிடிக்கலாம்

ட்ரோன் வாங்கிய கையோடு பலரும் வாங்குவது ஆறேழு ஃபில்டர் அடங்கிய பெட்டி. அதில் இரண்டுதான் அடிக்கடி வெளியே வரும். அந்த இரண்டு எவை என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் என்டி ஃபில்டர். லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ் மாதிரிதான் இது. என்டி 4 போட்டால் கால் பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். 16 என்றால் பதினாறில் ஒரு பங்கு. சின்ன ட்ரோன்கள் பலவற்றில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாது என்பதால்தான் இது தேவைப்படுகிறது. இந்த அளவை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் சிறிதானால் துளை பெரிது. டிஜேஐ மினி 4 ப்ரோவில் எஃப்/1.7, ஏர் 2எஸ்ஸில் எஃப்/2.8, இரண்டையும் மாற்ற வழியில்லை. வெயில் ஏற ஏற ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைவு உறைந்துபோய், வீடியோ வெட்டி வெட்டி ஓடுவது போலத் தெரியும்.

படி 1: ஷட்டர் இலக்கை முடிவு செய்யுங்கள்

ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, இரண்டால் பெருக்குங்கள். நொடியில் அத்தனையில் ஒரு பங்குதான் ஷட்டர் இலக்கு. 24 ஃபிரேமுக்கு 1/50, 30க்கு 1/60, 60க்கு 1/120.

படி 2: ஃபில்டர் இல்லாமல் பறக்கவிட்டு அளவெடுங்கள்

மேனுவல் மோடில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) 100இல் வையுங்கள். படம் எடுக்கப்போகும் உயரத்துக்குப் போய், எடுக்கப்போகும் திசையில் கேமராவைத் திருப்புங்கள். எக்ஸ்போஷர் சரியாக வரும்வரை ஷட்டரை மாற்றி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் நின்றபடி அளந்தால் கணக்கு தப்பும். வானம் ஃபிரேமுக்குள் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து எண் நிறையவே மாறும்.

படி 3: வகுத்துப் பாருங்கள்

30 ஃபிரேமில் எடுக்கிறீர்கள், திரையில் 1/1600 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1600ஐ 60ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27. பக்கத்தில் இருப்பது என்டி 32. அதைப் போட்டால் ஷட்டர் 1/50க்கு இறங்கும். கையில் 16தான் இருக்கிறதா? 1/100 வரும், தாராளமாக எடுக்கலாம். இந்த விதியை இம்மி பிசகாமல் கடைப்பிடிக்கத் தேவையில்லை.

"உச்சி வெயிலுக்கு என்டி 16" என்பது போன்ற அட்டவணைகளை நான் நம்புவதில்லை. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100இல், எஃப்/2.8 லென்ஸுக்கு ஷட்டர் சுமார் 1/3200 வரும். என்டி 64 போதும். அதே வெயிலில் எஃப்/1.7 லென்ஸுக்கு 1/8000ஐத் தொடும். என்டி 128 வேண்டும். ஆக, எஃப்/2.8 என்றால் 16, 64, எஃப்/1.7 என்றால் 32, 128. இந்த ஜோடியோடு தொடங்கலாம். இடைப்பட்ட வெளிச்சத்தை ஷட்டரே சமாளித்துக்கொள்ளும். லாக் மோடில் (எடிட்டிங்கில் நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதிவு செய்யும் முறை) சில ட்ரோன்களின் குறைந்தபட்ச ஐஎஸ்ஓவே 400. அப்போது வரும் எண்ணை நான்கால் பெருக்குங்கள்.

இன்னொன்று: 100 மீட்டர் உயரத்தில் மெதுவாக நகரும்போது, என்டி போட்டதா போடாததா என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். மரங்களை ஒட்டியோ தண்ணீருக்குச் சற்று மேலேயோ வேகமாகப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும். வீடியோ இல்லாமல் போட்டோ மட்டும் எடுப்பவர்களுக்கு, அருவியைப் பால் போல வழியவிடும் ஆசை இல்லாவிட்டால், என்டியே வேண்டாம்.

படி 4: போலரைசர் தேவையா என்று யோசியுங்கள்

நீர்ப்பரப்பிலும் இலைகளிலும் அடிக்கும் பளபளப்பை இது வெட்டும், நிறங்கள் அடர்த்தியாகும். ஆனால் கேமராவை நேர் கீழே பார்க்க வைத்தால் தண்ணீரின் பிரதிபலிப்பு அப்படியே இருக்கும். நீர்ப்பரப்போடு சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் அது முழு வேலை செய்யும். இதைத் தெரியாமல் "ஃபில்டர் போலி" என்று திட்டுபவர்கள் உண்டு.

அடுத்த சிக்கல், இதைச் சுழற்றித்தான் அமைக்க வேண்டும். வானில் போன பிறகு கை எட்டாது. கிளம்பும் முன் ட்ரோனைக் கையில் பிடித்து, எடுக்கப்போகும் திசையில் திருப்பி, திரையைப் பார்த்தபடி வளையத்தைச் சுழற்றுங்கள். பறக்கும்போது ட்ரோன் திரும்பினால் வானத்தின் நீலம் ஓரிடத்தில் கருத்தும் ஓரிடத்தில் வெளுத்தும் போகும். எனவே பனோரமாவுக்கு இதைக் கழற்றிவிடுங்கள். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை இது தானாகவே விழுங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). அதையும் கணக்கில் சேருங்கள்.

யுவி ஃபில்டர் லென்ஸில் கீறல் விழாமல் காக்கும், அவ்வளவுதான். பாதி கறுப்பு பாதி தெளிவாக வரும் கிராஜுவேட்டட் வகையைத் தொடவே வேண்டாம். கேமராவைத் தாங்கி அசைக்கும் கிம்பல் சாய்ந்ததும் தொடுவானம் நகர்ந்துவிடும், கறுப்புப் பகுதி நகராது.

படி 5: மாட்டுங்கள்

உங்கள் மாடலுக்கென்றே செய்ததை மட்டும் வாங்குங்கள். கிம்பல் மோட்டார் சில கிராம் வித்தியாசத்தைக்கூட உணரும். 249 கிராம் ட்ரோன் என்றால் எடை 250ஐத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். பல நாடுகளில் விதிகள் அங்கேதான் மாறுகின்றன.

பவரை அணைத்துவிட்டு, ஒரு கையால் கேமராவைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் மாட்டுங்கள். பிறகு பவர் போட்டால் கிம்பல் தன்னைத் தானே ஒருமுறை ஆட்டிச் சரிபார்க்கும். அது தடுமாறினாலோ, ஓவர்லோட் எச்சரிக்கை வந்தாலோ உடனே அணைத்துக் கழற்றுங்கள்.

மேலே போனதும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஓர் எண்ணில் நிறுத்துங்கள். மலிவான என்டிகள் லேசாக மஞ்சளோ பச்சையோ பூசும். எண் மாறாமல் இருந்தால் எடிட்டிங்கில் ஒரே திருத்தத்தில் சரியாகிவிடும். சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ட்ரோனை இறக்கி, ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.