கசூரினாவுக்குச் சைக்கிளில்: முதல்முறை போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் மிதித்தாலும் கடைசியில் ஒரு கடல் வரும். ஆனால் நண்பர்களோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது காரைநகர்க் கசூரினா கடற்கரையைத்தான். நகரிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர், ஏற்றம் இறக்கம் இல்லாத வீதி. கியர் சைக்கிள் தேவையே இல்லை. வீட்டில் நிற்கிற பழைய லுமாலா போதும்.

படி 1: நாள் குறிப்பது

மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. மாரி மழை விட்டிருக்கும், சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பியிராது. வைகாசிக்குப் பிறகு என்றால் போகும்போது காற்று இடப்பக்கத்தால் தள்ளும். அரை மணி நேரம் கூட்டி வையுங்கள். நாலைந்து பேர் அளவான கூட்டம்.

படி 2: முதல் நாள் பின்னேரம் சைக்கிளைப் பார்ப்பது

சீற்றில் இருந்து, பெடலைக் கீழே விட்டு, அதில் குதிக்காலை வையுங்கள். முழங்கால் நேராக வந்தால் சீற் உயரம் சரி. எங்கள் ஆட்கள் பலர் சீற்றை மிகப் பதித்து வைத்துக்கொண்டு பத்தாவது கிலோமீற்றரில் முழங்கால் நோகுது என்பார்கள். சைக்கிளில் குறை இல்லை, சீற் இரண்டு விரல்கடை உயர்ந்தால் நோவு போய்விடும்.

ரயரைப் பெருவிரலால் அழுத்துங்கள், பதியக்கூடாது. ரயரின் ஓரங்களில் வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். இரண்டு பிறேக்கும் பிடிக்க வேண்டும். செயினைத் துணியால் துடைத்து, துளித்துளியாக எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் திரும்பத் துடையுங்கள். எண்ணெய் வழிய வழிய விட்டால் மணல் முழுக்க அதில்தான் ஒட்டும்.

படி 3: கொண்டுபோவது

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி, துவாய், மாற்றுடுப்பு. கூட்டத்துக்கு ஒரு பம், ஒரு ரியூப், ஒட்டுத் துண்டுகள், சொலூசன், சைக்கிளுக்கு ஏற்ற ஸ்பானர். சாப்பாட்டுக்குப் புட்டோ இடியப்பமோ சம்பலோடு கட்டிக் கரியரில் வையுங்கள். சொதியைத் தவிர்ப்பது நல்லது, எப்படிக் கட்டினாலும் வழியில் சிந்தும்.

படி 4: யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் முதல் பயணத்தில் நான் முன்னுக்குப் போனேன். பம்மும் சொலூசனும் என் பையில். காலை காற்றின் குளிர்ச்சியில் மிதிக்க மிதிக்க நன்றாக இருந்தது, திரும்பியே பார்க்கவில்லை. கடற்கரைக்கு வந்து சைக்கிளைச் சாத்தியபோது மூன்று பேர்தான் நின்றோம். நாலாவது ஆள் முக்கால் மணி நேரம் கழித்து, காற்றுப் போன பின்சில்லோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். காரைநகருக்குப் போகும் பொன்னாலைப் பாலத்தின் நடுவில் பஞ்சர். கூப்பிட்டிருக்கிறான், காற்றில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் மணலில் போய் இருந்தான். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கு இது. ஆக மெதுவாக மிதிப்பவர் முன்னுக்கு. அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் ஆகக் கடைசியில், பம் அவருடைய கரியரில். யாராவது அவசரப்பட்டால், "மெல்லமா மிதி மச்சான், கடல் ஓடிப்போகாது" என்போம். மணிக்கு 12 கிலோமீற்றர் அளவில், பேசிக்கொண்டே மிதிக்க முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் அது கூடிவிட்டது.

படி 5: வழி

காலை ஐந்தரைக்கு வெளிக்கிடுங்கள். இருட்டு விலகும் வரை முன்னுக்கும் பின்னுக்கும் லைற் வேண்டும். ஓட்டுமடம், ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி, மூளாய், பொன்னாலை என்று வழி. வீதியின் இடது ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். மினிபஸ் ஹோர்ன் கேட்டால் யாரும் அதை முந்த நினைக்க வேண்டாம்.

மானிப்பாயில் ஒரு தேத்தண்ணி, சங்கானையில் ஒருதரம் இறங்கிக் கால் நீட்டுவது, அவ்வளவு போதும். நடுவில் தோட்டவெளிகள் வரும். செம்மண்ணில் தண்ணீர் பாய்கிற மணம் வீதி வரைக்கும் வரும். எனக்கு இந்தப் பயணத்தில் பாதிச் சந்தோசம் அதில்தான்.

படி 6: பொன்னாலைப் பாலம்

வரதராசப் பெருமாள் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, போத்தல்களில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கடல், நிழலே இல்லை. ஆளுக்காள் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். பக்கக் காற்று திடீரென்று அடித்தால் கைபிடி ஆடும். கைபிடியை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி வையுங்கள், சைக்கிள் தானாக நிமிரும். படம் எடுக்க விரும்புகிறவர் ஓரம் கட்டி இறங்கி எடுக்கட்டும். தடி நட்டுக் கட்டிய வலைகளும், ஆழமில்லாத தண்ணீரில் அசையாமல் நிற்கிற கொக்குகளும் நின்று பார்க்க வேண்டியவைதான்.

படி 7: கடற்கரையில்

மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி உருட்டுங்கள். ஈர மணலில் ஓட ஆசை வரும், வேண்டாம். செயினுக்குள் போன உப்பு மணலை எடுக்க ஒரு நாள் போகும். சைக்கிள்களை ஒரு சவுக்கு மரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

இங்கே கடல் வெகுதூரம் வரை ஆழம் குறைவு, அலையும் அடங்கியது. நீந்தத் தெரியாதவர்களும் இடுப்பளவில் இருந்து குளிக்கலாம். ஆனாலும் தனியாக யாரும் தூரம் போகக்கூடாது. சொறிமுட்டை (ஜெலிமீன்) மிதந்தால் வெளியே வந்துவிடுங்கள். குளித்த பிறகு சாப்பாடு, பிறகு மர நிழலில் துவாயை விரித்து ஒரு படுக்கை. சவுக்குக்குள் காற்று இரைகிற சத்தம் இன்னொரு கடல் மாதிரிக் கேட்கும். நேரம் பார்க்க வேண்டாம்.

படி 8: திரும்புவது

உச்சி வெயிலில் பாலம் ஏறாதீர்கள். மூன்றரைக்குக் கிளம்பினால் இருட்ட முன் நகருக்கு வரலாம். காலில் இன்னும் பலம் இருந்தால் வழியில் ஈழத்துச் சிதம்பரம் என்கிற காரைநகர்ச் சிவன் கோயிலுக்கும் போய் வரலாம்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடாதீர்கள். கிணற்றடியில் நல்ல தண்ணீரால் சைக்கிளைக் கழுவி, முக்கியமாக ரிம்மையும் செயினையும் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்பு ஒரு இரவிலேயே வேலையைத் தொடங்கிவிடும்.