உங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார்? நாமே தேடிப் பார்ப்பது எப்படி

தேர்தல் நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். மேலே எம்.பி.யின் போட்டோ, கீழே பத்து மசோதாக்களின் பெயர், எதிரே பச்சை டிக் அல்லது சிவப்பு இன்ட்டு. போன முறை வந்ததில், ஒரு மாநிலங்களவை உறுப்பினர் வேளாண் சட்டங்களுக்கு ஆதரவாக வாக்களித்ததாகப் பச்சை டிக் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டங்களுக்கு அங்கே பெயர்வாரி வாக்கெடுப்பே நடக்கவில்லை என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப யாரு என்ன பண்ணாங்கன்னு நீயே பாத்துச் சொல்லேன்" என்றார். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு மணி நேரம் போதும்.

படி 1: பெயர்வாரி வாக்கெடுப்பு நடந்ததா என்று முதலில் பாருங்கள்

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிப்போர் "ஆம்" என்பார்கள், எதிர்ப்போர் "இல்லை" என்பார்கள், எந்தச் சத்தம் பெரிது என்பதை அவைத் தலைவர் அறிவிப்பார். யார் எந்தப் பக்கம் கத்தினார் என்பது எங்கும் பதிவாகாது.

முடிவை ஏற்காத உறுப்பினர் "டிவிஷன்" கேட்கலாம். அப்போதுதான் மணி அடித்து, கதவுகளைச் சாத்தி, பெயர்வாரியாக வாக்கைப் பதிவு செய்வார்கள். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே இரண்டு வேளாண் மசோதாக்களையும் நிறைவேறியதாக அறிவித்தார். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதாவும் 2021 நவம்பர் 29 அன்று இரு அவைகளிலும் விவாதமில்லாமல், குரல் வாக்கெடுப்பிலேயே சில நிமிடங்களில் முடிந்துபோனது. ஆகவே இந்த இரண்டுக்கும் டிக், இன்ட்டு போட்ட படம் எது வந்தாலும் நம்பாதீர்கள்.

பெயர்ப் பட்டியல் கட்டாயம் கிடைக்கும் இடம் அரசியலமைப்புத் திருத்த மசோதா. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை என்பதால் அங்கே தலையை எண்ணித்தான் ஆக வேண்டும். புதிதாகத் தேடிப் பழகுபவர்கள் அதிலிருந்தே தொடங்குங்கள்.

படி 2: பட்டியலைத் திறந்து படியுங்கள்

நாடாளுமன்றத்தின் சன்சத்.இன் (sansad.in) தளத்துக்குப் போய் மக்களவை அல்லது மாநிலங்களவையைத் தேர்ந்தெடுங்கள். விவாதங்கள் பகுதியில் தேதியைக் கொடுத்தால் அன்றைய முழு அவைக்குறிப்பும் பி.டி.எஃப். ஆக வரும். பழகிப் பார்க்க 2023 செப்டம்பர் 20 அன்றைய மக்களவைக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு ஆதரவு 454, எதிர்ப்பு 2. எதிர்ப்புப் பட்டியலில் அசதுதீன் ஒவைசி, இம்தியாஸ் ஜலீல் என்று இரண்டே பெயர்கள். ஒரு பார்வையில் முடிந்துவிடும் பட்டியல்.

படிக்கும்போது இரண்டு விஷயங்கள் உங்களைக் குழப்பும். நம் ஊர்ப் பெயர்களை முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கியிருப்பார்கள். கனிமொழியைத் தேடினால் கருணாநிதி என்ற பெயரின் கீழ் இருப்பார். ஒரு எழுத்துக்கோர்வையில் கிடைக்கவில்லை என்றால் அப்பா பெயர், இனிஷியல், ஊர்ப்பெயர் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். இன்னொன்று, முடிவை அறிவிக்கும்போதே "திருத்தத்துக்கு உட்பட்டு" என்று சொல்லித்தான் அவைத் தலைவர் எண்ணிக்கையைப் படிப்பார். பொத்தான் சரியாக விழாதவர்கள் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், அது பிறகு சேரும். அன்றிரவு டி.வி.யில் வந்த எண்ணும் அச்சான அவைக்குறிப்பில் உள்ள எண்ணும் ஒன்றிரண்டு மாறியிருந்தால் அதில் சதி எதுவும் இல்லை.

படி 3: பெயர் இல்லாததையும் படியுங்கள்

பட்டியலில் பெயர் இல்லை என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். அன்று வரவில்லை, வந்தும் வாக்களிக்கவில்லை, வெளிநடப்பு செய்தார். இந்த மூன்றும் ஒன்றல்ல.

2016 ஆகஸ்ட் 3 அன்று ஜி.எஸ்.டி. அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களவையில் 203-0 என்று நிறைவேறியது. பட்டியலை மட்டும் பார்த்தால் நாடே ஒருமனதாக இருந்தது போலத் தெரியும். அ.தி.மு.க. உறுப்பினர்கள் எதிர்த்துப் பேசிவிட்டு வெளியேறியிருந்தார்கள். "இந்தக் கட்டத்தில் உறுப்பினர் இன்னாரும் வேறு சிலரும் அவையை விட்டு வெளியேறினர்" என்ற ஒற்றை வரி அவைக்குறிப்பில் எங்காவது ஒரு பக்கத்தில் கிடக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

படி 4: கொறடா உத்தரவைக் கழித்துவிட்டுப் பாருங்கள்

நான் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். 1985-இல் 52-ஆவது திருத்தம் வழியாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அதன்படி, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம். அதனால் டிவிஷன் பட்டியலில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கட்சியின் முடிவு. அமெரிக்காவில் ஒரு செனட்டரின் வாக்குகளை அடுக்கி அவரை எடைபோடுவது போல இங்கே செய்தால் ஒரே கட்சியின் இருபது எம்.பி.க்களுக்கும் ஒரே ஜாதகம்தான் வரும்.

அப்படியானால் ஒரு தனி எம்.பி.யை எப்படி எடைபோடுவது? கொறடாவின் கை அவ்வளவாக எட்டாத இடங்களில் பாருங்கள்: அவர் கேட்ட கேள்விகள், அவசர விஷயங்களைப் பேச ஒதுக்கும் பூஜ்ய நேரத்தில் எழுப்பிய பிரச்சினைகள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருபவை), திருத்தங்கள், விவாதப் பேச்சு. நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொகுத்துத் தரும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் தளத்தின் எம்.பி. டிராக் பக்கத்தில் வருகை, விவாதம், கேள்வி, தனிநபர் மசோதா எல்லாம் எண்ணிக்கையாகக் கிடைக்கும்.

எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். வருகைப் பதிவு அன்று வந்தாரா என்ற கணக்குதான். பதிவு செய்துவிட்டு கேன்டீனில் உட்கார்ந்திருந்தாலும் அது வருகைதான். அமைச்சர்கள் அந்தப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, அவர்களுக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். கேள்விகளில் நூறு இருந்தாலும், அதில் எத்தனை உங்கள் தொகுதியின் மீனவர், நெசவாளர், ரயில் பாதை பற்றியது என்று தலைப்புகளை ஓட்டிப் பாருங்கள். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20-தான் பட்டியலில் வரும், அதுவும் குலுக்கலில். குறியில்லாதவற்றுக்கு எழுத்தில் பதில். எனக்கு இரண்டாவது வகை ரொம்பப் பிடிக்கும். மாவட்டவாரிக் கணக்குகள் பல நேரம் அங்கேதான் அம்பலமாகும்.

உதாரணத்துக்கு தி.மு.க.வின் திருச்சி சிவா. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் மூன்றாம் பாலினத்தவர் உரிமைகள் குறித்துத் தீர்ப்புக் கொடுத்தது. அந்த ஆண்டே திருநர் உரிமைகளுக்காக ஒரு தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தார் சிவா. தனிநபர் மசோதா என்றால் வெள்ளிக்கிழமை பிற்பகல் விவகாரம். பாதிப் பேர் விமானம் ஏறப் போயிருப்பார்கள். பெரும்பாலும் அமைச்சர் "அரசு பரிசீலிக்கும்" என்பார், உறுப்பினர் திரும்பப் பெற்றுக்கொள்வார். இவர் திரும்பப் பெறவில்லை. 2015 ஏப்ரல் 24 அன்று மசோதா அவையில் நிறைவேறியது. ஏறக்குறைய 45 ஆண்டுகளில் மாநிலங்களவையைத் தாண்டிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையைத் தாண்டவில்லை. 2019-இல் அரசே வேறொரு மசோதாவைக் கொண்டுவந்தபோது, அதை விரிவாக ஆராய உறுப்பினர்களின் தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி சிவா தீர்மானம் கொண்டுவந்தார், அது தோற்றது.

வாட்ஸ்அப் படக்காரர்களுக்கு அந்தத் தனிநபர் மசோதாவில் போட ஒரு டிக் கூடக் கிடைக்காது. 2015-இல் அந்த மசோதா நிறைவேறியது குரல் வாக்கெடுப்பில்தான்.

படி 5: மேடைப் பேச்சோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் வெளியே சொன்னது, வலப்பக்கம் அவையில் செய்தது. இரண்டிலும் தேதி கட்டாயம்.

இரண்டு பெரிய கட்சிகளுக்கும் ஆளுக்கு ஒன்று தருகிறேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை தி.மு.க. வெளியே எதிர்த்தது. 2012 டிசம்பர் 5 அன்று மக்களவையில் அதற்கெதிரான தீர்மானம் வந்தபோது மன்மோகன் சிங் அரசோடு நின்று வாக்களித்தது. தீர்மானம் 218-253 என்று தோற்றது. குடியுரிமைத் திருத்த மசோதாவை அ.தி.மு.க. 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் ஆதரித்தது. 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதே சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவதாக வாக்குறுதி கொடுத்தது.

இரண்டு கட்சிகளும் காரணம் சொன்னார்கள். அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஆட்சி கவிழக் கூடாது என்பதும், கூட்டணி தர்மம் என்பதும் காரணங்கள்தான். ஏற்பதும் ஏற்காததும் உங்கள் பாடு.

உறுப்பினரின் பேச்சும் கட்சியின் நிலையும் பிரிகிற இடங்களை வட்டமிட்டு வையுங்கள். அதே 2020 செப்டம்பர் 20-இல், கட்சி ஆதரித்த வேளாண் மசோதாக்களின் குறைகளை அ.தி.மு.க.வின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியன் அவையில் எடுத்துச் சொன்னார். அன்று வாக்குப் பட்டியலே இல்லை, விவாதத்தைப் படித்தால்தான் இது கண்ணில் படும். தமிழில் பேசிய உரைகள் மக்களவைக் குறிப்பில் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும். பேசியவரின் சொந்தக் குரல் வேண்டுமென்றால் சன்சத் டி.வி.யின் யூடியூப் பக்கத்தில் அந்தத் தேதியைத் தேடுங்கள்.

படி 6: சந்தேகம் இருந்தால் அவரையே கேளுங்கள்

மின்னஞ்சல் முகவரி சன்சத்.இன் தளத்தில் உறுப்பினர் பக்கத்திலேயே இருக்கும். "ஏன் எங்களுக்குத் துரோகம் செய்தீர்கள்" என்று எழுதினால் பதில் வராது. மசோதாவின் பெயர், தேதி, நடந்தது குரல் வாக்கெடுப்பா டிவிஷனா, நீங்கள் பார்த்த பக்க எண், ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

நான் ஒரு முறை எழுதினேன், பெயர் வேண்டாம். பத்து நாள் கழித்து உதவியாளர் போன் செய்தார். "சார், எந்த மசோதா கேட்டிருந்தீங்க?" சொன்னேன். "அன்னைக்கு ஐயா அவையில இருந்தாங்களே சார்." இருந்தார், கையெழுத்தும் இருக்கிறது, ஆனால் டிவிஷன் பட்டியலில் பெயர் இல்லையே என்று பக்க எண்ணைப் படித்தேன். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்."