மலைத் தோட்டத்தில் எலி ஒழிக்கும்போது செய்யக்கூடாதவை

ஓடையில் ஏதாவது நீந்திப் போனால் 'பெரிய எலி' என்று கல்லை எடுப்பதுதான் நீலகிரித் தோட்டங்களில் நான் பார்க்கும் முதல் தவறு. வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களில் ஆரஞ்சு நிறப் பல்லோடு வரும் கோய்ப்பு என்ற பெரிய நீர் எலி தென் அமெரிக்க விலங்கு. நம் ஓடையில் பகலில் தலை தூக்கிப் பார்ப்பது நீர்நாயாக இருக்கலாம். பாறைமேல் கிடக்கும் எச்சத்தைப் பாருங்கள். நண்டு ஓட்டுத் துண்டுகள் நிறைய இருந்தால் அது நீர்நாய். நண்டும் மீனும் தின்னும் அந்த உயிர் உங்கள் கேரட்டைத் தொடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம்.

கேரட்டையும் உருளைக்கிழங்கையும் மண்ணுக்குள்ளேயே கடித்து வைப்பது பெருச்சாளிக் குடும்பத்து வயல் எலி. அதுவும் நன்றாக நீந்தும், ஓடைக் கரையிலும் வளை போடும். அதனால்தான் இந்தக் குழப்பம்.

கோய்ப்பு இங்கே இல்லாவிட்டாலும் அதை ஒழித்த கதை நமக்கு உதவும். தோலுக்காக 1929இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பண்ணையிலிருந்து தப்பியவை கிழக்குப் பகுதிச் சதுப்புகளில் பெருகி, கால்வாய்க் கரைகளைக் குடைந்து, பயிரையும் தின்றன. 1981இல் முழு ஒழிப்பைத் தொடங்கி 1989இல் முடித்தார்கள். கூண்டு வைத்துத்தான் பிடித்தார்கள். அதனால் தவறிச் சிக்கிய மற்ற உயிர்களைத் திறந்துவிட முடிந்தது. வேலையாட்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கவில்லை. முழுவதும் ஒழித்துக் காட்டினால் ஊக்கத்தொகை என்றார்கள். தலைக்கணக்கில் பணம் கொடுத்திருந்தால், அரிதாகிவிட்ட கடைசி விலங்கைத் தேடி யார் போவார்கள்?

நம் பக்கம் நடப்பது இதற்கு நேர்மாறு. கேத்திப் பள்ளத்தாக்கு மாதிரி அடுக்கடுக்கான தோட்டங்களில் ஒருவர் இன்றைக்கு மருந்து வைப்பார், பக்கத்துத் தோட்டக்காரர் இருபது நாள் கழித்து வைப்பார். காலியான வளைக்கு மேல் தட்டிலிருந்து புது எலி இறங்கிவிடும். அறுவடை முடிந்து நிலம் வெறுமையாக இருக்கும்போது, ஓடையை ஒட்டிய எல்லாத் தோட்டத்துக்காரர்களும் ஒரே வாரத்தில் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் கழித்துப்போட்ட கேரட், பொடிக்கிழங்கு எல்லாவற்றையும் அள்ளிவிடுங்கள். தீனி கிடக்கிறவரை எலி கூண்டை எட்டிப் பார்க்காது.

வளை விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். வாய் மண்ணால் அடைத்திருக்கிறது, காலி வளைதான் என்று விட்டுவிடுவார்கள். இந்த எலி உள்ளே இருக்கும்போதே வாயை மண் தள்ளி அடைத்துக்கொள்ளும். சாயந்திரம் அந்த மண்ணை விலக்கிவிட்டு வாருங்கள். காலையில் ஈர மண்ணால் மறுபடி அடைத்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. கூண்டையும் கிட்டியையும் அங்கே வையுங்கள், வரப்பு முழுக்க இறைக்க வேண்டாம்.

மருந்துதான் என்று முடிவு செய்தால், ஜிங்க் பாஸ்பைடை முதல் நாளே வைக்காதீர்கள். கொஞ்சம் தின்றுவிட்டு உடம்பு நோகத் தப்பிய எலி அந்தத் தீனியை மறுபடி தொடாது. இரண்டு மூன்று நாள் எண்ணெய் பிசறிய வெறும் தானியம் வைத்துப் பழக்கி, அப்புறம்தான் மருந்து கலந்ததை வைக்க வேண்டும். அதையும் வளைக்குள் போட்டு மூடுங்கள். ஈரம் பட்டால் அதிலிருந்து நச்சு வாயு வரும் என்பதால் மழை நாளில் கையாளவே வேண்டாம். ஓடைக் கரை வளைகளில் கூண்டு மட்டும் போதும். அந்தத் தண்ணீர் கீழே பவானிக்குப் போகிறது, வழியில் எத்தனையோ ஊர் குடிக்கிறது.

புரோமாடியோலோன் என்ற இன்னொரு எலி மருந்துக் கட்டி மெதுவாகக் கொல்வதால் எலிக்குச் சந்தேகம் வராது. ஆனால் செத்துக்கொண்டிருக்கும் எலியைக் கூகை தூக்கிப்போனால் அந்த விஷம் கூகைக்கும் ஏறும். இரவெல்லாம் கூலியில்லாமல் எலி பிடிக்கும் பறவை அது. தினமும் விடிந்ததும் தோட்டத்தைச் சுற்றி வந்து, செத்த எலிகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, ஓடையிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள். கூகை வந்து உட்கார வரப்போரம் 'டி' வடிவில் நாலைந்து குச்சிகளை நட்டு வையுங்கள்.