ஸ்கேனர் வாங்கும் முன் ட்ரங்குப் பெட்டியைத் திறங்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது, எங்கள் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுப் பரணில் இருந்த ட்ரங்குப் பெட்டி நனைந்துவிட்டது. உள்ளே அப்பா எடுத்த நெகட்டிவ்கள். பாதி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று பின்னாளில் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, பெட்டியில் இருந்த பெரிய நெகட்டிவ்கள் அதற்குள் நுழையவே நுழையாது!

அதனால் முதல் வேலை, ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறப்பது. இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை இருந்தால் அது 35 மி.மீ. பிலிம், ஒரு படம் 36க்கு 24 மி.மீ. இருக்கும். ஓட்டையே இல்லாமல் ஆறு செ.மீ. அகலத்தில் இருந்தால் 120 பிலிம். அந்தக் காலத்து அக்ஃபா கிளிக்-3 கேமரா வீட்டில் இருந்ததா? அப்படியானால் இது நிச்சயம் கிடைக்கும். ஐந்து செ.மீ. சதுர அட்டைக்குள் இருப்பவை ஸ்லைடுகள்.

அடுத்து வகை. ஆதார் கார்டு ஸ்கேன் செய்கிற சாதாரண ஸ்கேனர் உதவாது. பிலிமை ஒளி ஊடுருவ வேண்டும். அதற்கு மூடியிலும் விளக்கு வேண்டும். எப்சன் வி600 அப்படிப்பட்டது. ஒரே தடவையில் 35 மி.மீ. படம் பன்னிரண்டு வைக்கலாம், 120 பிலிமும் போடலாம். பிளஸ்டெக் 8200i போன்றவை 35 மி.மீ.க்கு மட்டுமே. படம் இன்னும் துல்லியமாக வரும். ஆனால் ஒவ்வொரு படமாகக் கையால் தள்ள வேண்டும். ஒரு ரோல் முடிக்க ஒரு சாயங்காலம் போய்விடும். கலந்து கட்டி வைத்திருப்பவர்களுக்கு முதல் வகைதான் சரி.

டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்கேனர் அட்டைப்பெட்டியில் 6400, 7200 என்று போட்டிருப்பார்கள். லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதைவிட நிறையக் குறைவு. 35 மி.மீ. படத்தை 8க்கு 12 அங்குலம் பிரிண்ட் போட, உண்மையான 2500 டிபிஐ தாராளம். அதற்கு மேல் ஃபைல்தான் வீங்கும்.

நம் கடலோர ஈரத்தில் பிலிமில் பூஞ்சணம் பிடிக்கும், தூசி ஒட்டும். ஆகவே அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கலர் நெகட்டிவுக்கு அது வரப்பிரசாதம். கருப்பு வெள்ளையில் பலிக்காது: அதிலுள்ள வெள்ளி அகச்சிவப்பையும் மறைப்பதால், படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். அங்கே அந்த வசதியை நிறுத்திவிட்டு, கணினியில் பொறுமையாகப் புள்ளி புள்ளியாகத்தான் துடைக்க வேண்டும்.

ஸ்கேனர் வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, புளோயரால் ஊதி, பிலிமை ஓரத்தில் மட்டும் பிடித்து வையுங்கள். வேர்க்கும், வேறு வழியில்லை. ஒட்டிப்போன சுருள்களை மட்டும் பிய்க்காமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். நான் பிய்த்ததில் அப்பாவின் தேவனாம்பட்டினம் கடற்கரைப் படம் ஒன்று போனது.